முதலில் ஓடிய இரண்டாம் ரீல்

என் அத்தைக்கு எங்கள் குடும்பத்தில் 'ரெண்டு தடவை' என்று பட்டப்பெயர். வீட்டைப் பூட்டினால் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள். அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போனவள், திரும்பி வந்து மறுபடி பார்ப்பாள். மருந்துக் கடைக்காரர் எடுத்து வைத்த மாத்திரையின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இன்னொரு தடவை நீங்களும் படிங்க" என்பாள். அவர் இப்போதெல்லாம் அவளைத் தூரத்தில் கண்டதுமே மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று சின்ன வயதில் நான் ஒருமுறை வாயைக் கொடுத்தேன். "ரெண்டு தடவை பார்த்தேன். ரெண்டு தடவையும் சரியா வரல" என்றாள்.

அப்பாவுக்கு அவள் அக்கா. பதினோரு வயது மூத்தவள். அவர்களுடைய அப்பா முன்னமே போய்விட்டார். அம்மாவும் போனபோது என் அப்பாவுக்குப் பதினொன்று, அத்தைக்கு இருபத்திரண்டு. அதற்கப்புறம் அவருக்குச் சாப்பாடு போட்டது, பரீட்சைக்கு எழுப்பியது, தொழில் படிக்க வைத்து லிஃப்ட் மெக்கானிக் ஆக்கியது, கடைசியில் பத்திரமாக என் அம்மாவிடம் ஒப்படைத்தது எல்லாம் அத்தைதான். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுவாள். நல்லவள். ஆனால் அவளோடு சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் இருந்தால் எனக்குத் தலை வலிக்கும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவள் வேலை பார்த்தது தொலைக்காட்சி நிலையத்தில். உடனே பவுடர் பூசிக்கொண்டு செய்தி வாசித்தவள் என்று நினைத்துவிட வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத ஓர் அறை. அந்தக் காலத்தில் நிகழ்ச்சிகள் ஃபிலிம் சுருளாகத் தகர டப்பாவில் வரும். அரை மணி நேரக் கதைக்கு இரண்டு ரீல். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ரீலை ஓட்டிப் பார்ப்பது, அறுந்த இடத்தை ஒட்டுவது, தூசி துடைத்துத் திரும்பச் சுற்றி ஒன்றாம் டப்பா, இரண்டாம் டப்பா என்று அடுக்குவது, சாயங்காலம் அந்தந்த புரொஜெக்டரில் மாட்டுவது, இவ்வளவும் அவள் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். அங்கே ஒரே ஒரு சட்டம்தான்: திரை கறுக்கக் கூடாது. ஐந்து செகண்டுக்கு மேல் ஊர் முழுக்கத் திரை கறுத்துவிட்டால் மாட்டியவளுக்கு மறுநாள் வேலை இல்லை.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு 'அடுத்த அறை' என்று ஒரு தொடர் வரும். தொடர் என்றால் இன்றைய அழுகைத் தொடர் மாதிரி இல்லை. வாரம் ஒரு கதை, அந்த வாரமே முடிந்துவிடும். போன வாரத்து ஆள் இந்த வாரம் வரமாட்டான். ஒரு வாரம் பேய், ஒரு வாரம் வேற்றுக் கிரகம், ஒரு வாரம் இன்னதென்றே தெரியாமல் முதுகில் மட்டும் சில்லென்று ஏதோ ஊறும். விண்வெளிக்குப் போய் மூன்றே நாளில் திரும்பியவன் வீட்டில் அவன் விட்டுப்போன நாய்க்குட்டி கிழடாகிப் படுத்திருக்கும். ஜன்னல் பக்கம் திரும்ப முடியாத நோயாளியிடம் வெளியே மழை பெய்கிறது என்று பொய் சொல்லக் கற்றுக்கொள்வாள் ஓர் இயந்திர நர்ஸ். ஏழு மாடிக் கட்டடத்தில் எட்டாம் மாடிக்குப் போகும் ஒரு லிஃப்ட். பறக்கும் தட்டு என்று காட்டுவது பாத்திர மூடி என்பது அப்பட்டமாகத் தெரியும். அதைக் கட்டியிருக்கும் கயிறும் தெரியும். அந்தப் பாத்திர மூடிக்குப் பயந்துதான் என் அப்பா தலையோடு கால் போர்த்திக்கொண்டு படுத்தாராம். லிஃப்ட் வேலைக்கு வந்ததே அந்த எட்டாம் மாடியைக் கண்டுபிடிக்கத்தான் என்பார். முப்பத்தாறு வருஷம் தேடியும் கிடைக்கவில்லையாம்.

கதைக்கு முன்னாலும் பின்னாலும் நிலையத்து அறிவிப்பாளர் ஒருவர் நேரடியாகத் தோன்றி இரண்டு வார்த்தை பேசுவார். ஊரில் அவருக்குக் கோட்டுக்காரர் என்று பெயர். "உட்காருங்கள். வீடு உங்களுடையதுதான். அடுத்த அறை மட்டும் இல்லை" என்று அவர் தாழ்ந்த குரலில் ஆரம்பிப்பதைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் சனிக்கிழமை முழுவதும் அதே குரலில் தண்ணீர் கேட்பார்களாம். இடுப்புக்கு மேலே கறுப்புக் கோட்டு, காமிராவில் விழாத கீழ்ப்பாதியில் வீட்டில் போடும் கோடு போட்ட கால்சட்டை. இது அத்தை சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் என் அம்மா இறந்துபோனாள். நான் அதே கட்டடத்தில் இரண்டு மாடி மேலே இருக்கிறேன். தினமும் காலையும் மாலையும் இறங்கிப் போய் அப்பாவைப் பார்ப்பேன். பார்ப்பேன் என்றுதான் சொல்ல முடியும், பேசுவேன் என்று சொல்ல முடியாது. மனுஷர் வாயே திறக்கவில்லை. டிவியையும் போடுவதில்லை. அம்மா இருந்தவரை எந்தப் படம் ஓடினாலும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து "இவன்தான் கொலைகாரன் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்தப் பேச்சு இல்லாமல் அவருக்கு எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை. தட்டில் வைத்தது பாதி அப்படியே இருக்கும். எனக்குப் பயமாக இருந்தது.

அந்தப் பயத்தில்தான் 'அடுத்த அறை'யைத் தேடினேன். யாரோ ஒரு நிறுவனத்தார் பழைய ஃபிலிமையெல்லாம் கழுவித் துடைத்து, முப்பத்தொன்பது கதைகளையும் வெளியிட்டிருந்தார்கள். வாங்கி டிவியில் ஏற்றிக் கொடுத்தேன். முதல் நாள் அந்தத் தலைப்பு இசை வந்ததும் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! பல் செட்டைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சிரிப்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்று நினைத்தார் போல.

ஒரேயடியாகப் பார்த்துத் தீர்த்துவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் சரியாக ஏழு மணிக்கு. முடிந்ததும் அத்தைக்கு ஃபோன். "அக்கா, இன்னைக்கு நாய்க்குட்டி! கயிறு இப்ப நல்லாவே தெரியுதுக்கா, துடைச்சுக் குடுத்திருக்காங்கல்ல!" அத்தை சாதாரணமாக எந்த ஃபோனையும் இரண்டு நிமிஷத்தில் வெட்டிவிடுவாள். இப்போது மட்டும் தினமும் ஒரே கேள்வி கேட்டாள். "எத்தனாவது ஓடுது?" பத்தாவது என்றால், "ம்." பதினைந்தாவது என்றால், "ம், அப்படியா." எனக்கு அது விசித்திரமாகப் பட்டது.

ஒரு நாள் சாப்பிடும்போது அப்பா தானாகவே பேசினார்.

"இருபத்திமூணாவது 'திரைச்சீலை'ம்மா. அதை மட்டும் அக்காவோட உட்கார்ந்து பார்க்கணும். வரச் சொல்லியிருக்கேன்."

"அதுல என்னப்பா அவ்வளவு விசேஷம்?"

"அதுலதான் செத்துப்போன அம்மா திரும்பி வருவா" என்றார். அப்புறம் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்தார். எட்டு மாதத்தில் அன்றுதான் முதல்முறையாக மிச்சம் வைக்கவில்லை.

இருபதாவது கதை ஓடிய மறுநாள் மத்தியானம், அப்பா முடிவெட்டப் போயிருந்த நேரம் பார்த்து அத்தை வந்துவிட்டாள். கையில் பை. நாலு நாளைக்கான துணி.

"அடியே, அந்த 'திரைச்சீலை'யை நீ பார்த்தியா?"

"இல்ல அத்தை. அப்பாதான் சொன்னாரு, அம்மா திரும்பி வருவாளாமே."

"வரமாட்டா" என்றாள் அத்தை.

சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, நான் கொடுத்த தேநீரை ஆறவிட்டு, முழுப் பூசணிக்காயை ஐம்பத்தோரு வருஷமாகச் சோற்றில் மறைத்த கதையைச் சொன்னாள்.

'திரைச்சீலை' ஒரு சின்னக் குடும்பத்தின் கதை. புது வீட்டுக்குக் குடிவருகிறார்கள் அப்பா, அம்மா, ஒரு பையன். அம்மா பாட்டுப் பாடிக்கொண்டே ஜன்னலுக்குத் திரைச்சீலை மாட்டுகிறாள். பையனுக்கு முகம் துடைத்துவிடுகிறாள். கடைக்குக் கிளம்பி, வாசலில் நின்று "இதோ வந்துடறேன்" என்று சிரித்துவிட்டுப் போகிறாள். அதோடு முதல் ரீல் முடிகிறது. இரண்டாம் ரீலில் அப்பாவும் பையனும் கறுப்பு உடையில் இருக்கிறார்கள். அவள் தெருவில் வண்டி மோதி இறந்துவிட்டாள். ஆனாலும் தினம் சாயங்காலம் சமையலறையில் வந்து நிற்கிறாள். நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே போகிறாள். கடைசியில் திரைச்சீலை மட்டும் ஆடுகிறது. அவள் இல்லை. அவ்வளவுதான் கதை.

அந்த வெள்ளிக்கிழமை அத்தை இரண்டு ரீலையும் மாற்றி மாட்டிவிட்டாள்.

"ஏழு மணி. கோட்டுக்காரர் பேசி முடிச்சாரு, நான் ஓட்டினேன். பார்த்தா முதல் காட்சியிலேயே கறுப்பு உடையில நிக்கறாங்க. கை சுவிட்ச்கிட்ட போயிடுச்சு. நிறுத்தினா திரை கறுத்துடும். கறுத்தா வேலை போயிடும். வீட்டுல உங்கப்பன் இருக்கான், பதினோரு வயசுப் பையன். கதை மாறினா யாருக்குத் தெரியும்னு கையைக் கட்டிக்கிட்டு நின்னுட்டேன்."

ஊருக்குத் தெரியவே இல்லை. அதுதான் இதில் பெரிய கூத்து. வேறு எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும் பார்த்தவர்கள் நிலையத்துக்கு ஃபோன் போட்டு நாறடித்திருப்பார்கள். இது 'அடுத்த அறை'. இதில் என்ன நடந்தாலும் நம்புவார்கள். செத்தவள் ஒருத்தி புகை மாதிரி வருகிறாள், போகிறாள், பிறகு ஒரு நாள் முழுசாக, சிரித்த முகமாக வீட்டுக்குள் நிற்கிறாள், திரைச்சீலை மாட்டுகிறாள், கடைக்குப் போகிறாள், இதோ வந்துடறேன் என்கிறாள். அவ்வளவு பாசம், அதனால் திரும்பிவிட்டாள் என்று ஊரே புரிந்துகொண்டது. 'போனவர் போனவரே' என்று முடிப்பதற்கு எழுதி வைத்திருந்த கோட்டுக்காரர் ஒரு கணம் விழித்துவிட்டு, "கூப்பிடுகிறவர் கூப்பிட்டால் அடுத்த அறையின் கதவும் திறக்கும்" என்று ஒரு போடு போட்டாராம். நாற்பத்துமூன்று கடிதங்கள் வந்தன. கணக்கு வாத்தியார் ஒருவர் இது காலம் பின்னோக்கி ஓடும் கதை என்று ஒன்பது பக்கம் எழுதியிருந்தார். நிலையத்து மேலாளர் அந்தப் படத்தைப் பார்க்காமலேயே, இதுபோல நிறையப் போடுங்கள் என்று உத்தரவு போட்டார். உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான், அத்தையும் கோட்டுக்காரரும். அவர் கடைசிவரை காட்டிக்கொடுக்கவில்லை. அன்றிலிருந்துதான் அத்தைக்கு எதையும் இரண்டு தடவை பார்க்கும் பழக்கம் வந்ததாம்.

"சரி அத்தை, அதை அப்பாகிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"எப்படிடி சொல்றது? அம்மா போய் ஒரு மாசம்கூட ஆகல. ஒரு வாய் ஒழுங்கா சாப்பிடல அவன். நான் வீட்டுக்கு வர்றேன், பக்கத்து வீட்டுல படம் பார்த்துட்டு வாசல்லயே நின்னுட்டிருக்கான். 'அக்கா பசிக்குது'ங்கறான். அந்த வாய்கிட்ட போயி, டேய் அது தப்பா ஓடின படம்னு சொல்லச் சொல்றியா?"

நான் அவள் ஆறவிட்ட தேநீரை எடுத்து மறுபடி அடுப்பில் வைத்தேன்.

"இப்ப உங்கம்மாவும் போயிட்டா. அவன் அந்தப் படத்தை நம்பிட்டு உக்காந்திருக்கான். நாளன்னைக்கு அதைப் போட்டா, அவ மங்கி மங்கிக் காணாமப் போவா. இவன் மறுபடி தட்டைத் தள்ளி வெச்சுடுவான்" என்றாள் அத்தை.

சரிப்படுமா என்று யோசிக்கும் முன்னாலேயே நான் ஒரு யோசனை சொன்னேன். "அந்த ஒண்ணு மட்டும் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம்."

"நீ சொல்லிட்டு உன் வீட்டுக்கு ஏறிப் போயிடுவ. அவன் முப்பத்தொன்பதுல ஒண்ணு குறையுதேன்னு மாடி மாடியாத் தேடுவான். வேணாம். எந்தக் கருவியில ஓட்டறது? காட்டு."

ரிமோட்டைக் காட்டினேன். அத்தை அதை மருந்துப் புட்டி மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு நாளும் அப்பா மத்தியானம் தூங்குகிற நேரத்தில் என் வீட்டுக்கு ஏறி வந்து ஒத்திகை பார்த்தாள். பன்னிரண்டு நிமிஷம் நாற்பது செகண்டில் முதல் பாதி முடிந்து திரை ஒரு கணம் கறுக்கும். அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும். கடைசி வரை ஓடியதும் தொடக்கத்துக்கு வந்து, அவள் "இதோ வந்துடறேன்" என்று சொல்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். எந்தப் பொத்தானுக்கு அப்புறம் எந்தப் பொத்தான் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டாள். ஏழு தடவை தப்பாகப் போனது, எட்டாவது தடவை சரியாக வந்தது.

"இது மட்டும் பொய் இல்லையா அத்தை?" என்று சீண்டினேன்.

"இல்ல. அன்னைக்கு ஓடினது இப்படித்தான்" என்றாள்.

இருபத்துமூன்றாம் நாள் வந்தது. அப்பா சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, அக்காவுக்கு ஜன்னல் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். ஏழடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது அத்தை ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நான்தான் போடுவேன்."

"நீ போடாம வேற யாரு போடறது?" என்று அப்பா சிரித்தார்.

ஆரம்பம் நன்றாகவே போனது. கறுப்பு உடையில் அப்பாவும் பையனும் வந்தார்கள். சாயங்காலங்களில் அவள் வந்து நின்றாள், மங்கினாள், மங்கினாள். நான் படத்தைப் பார்க்காமல் என் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அசையவில்லை. திரைச்சீலை ஆடியது. அவ்வளவுதான், இப்போது தொடக்கத்துக்கு வர வேண்டும். அத்தை சீட்டைப் பார்த்தாள், பொத்தானை அழுத்தினாள். ஒலி கூடியது. இன்னொன்றை அழுத்தினாள். திரையின் அடியில் ஏதோ புரியாத மொழியில் எழுத்து ஓடியது. இன்னொன்றை அழுத்தினாள். டிவி அணைந்துவிட்டது.

கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டு அத்தை பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து ஓடப் போனேன். அப்பா கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார்.

"குடு அக்கா" என்று ரிமோட்டை வாங்கினார். டிவியைப் போட்டார். 'திரைச்சீலை'யைத் தேடி எடுத்து, ஆரம்பத்துக்குக் கொண்டுவந்து, ஓடவிட்டார். புது வீடு. பாட்டு. திரைச்சீலை. முகம் துடைக்கிறாள். வாசலில் நின்று "இதோ வந்துடறேன்" என்றாள். அப்பா சரியாக அந்த இடத்தில் நிறுத்தினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த முடிவு படத்தின் தொடக்கத்தில் இருக்கிறது என்று இவருக்கு யார் சொன்னது?

"உனக்குத் தெரியுமாடா?" என்றாள் அத்தை.

"பதினாலு வயசுல தெரியும். ஒரு லீவு நாள் மத்தியானம் இதை மறுபடி போட்டாங்க. சிநேகிதன் வீட்டுல பார்த்தேன். சரியா ஓடுச்சு. கடைசியில அவ போயிட்டா."

"ஏன்டா எங்கிட்ட கேக்கல?"

"எதுக்குக் கேக்கணும்? புரிஞ்சுபோச்சு. எனக்காகத்தானே அன்னைக்கு மாத்திப் போட்ட? நான் சாப்பிடாம கிடந்தேன்னு, வேலை போனாலும் பரவாயில்லன்னு, ஊரையே ஏமாத்தி எனக்காக ஒரு படம் ஓட்டினியே. அதுக்கப்புறம் நீ என்ன திட்டினாலும் எனக்குக் கோவமே வந்ததில்லக்கா. இவ அம்மா போனதுக்கப்புறம் அதையேதான் நினைச்சுட்டிருந்தேன். இன்னைக்காவது உங்கிட்ட சொல்லிடணும்னுதான் கூப்பிட்டேன்."

நான் அத்தையைப் பார்த்தேன். 'ஆமாம்டா' என்று ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் என்ன குறைந்துபோகும்? நாற்பத்தெட்டு வருஷம் ஒருவர் நெஞ்சில் வைத்துக் காப்பாற்றியதை இவள் உடைத்துவிடக் கூடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினேன். கையெட்டும் தூரத்தில் இருந்திருந்தால் கிள்ளியே இருப்பேன்.

"இல்லடா" என்றாள் அத்தை. "தப்பு நடந்துபோச்சு. டப்பா மாறிப்போச்சு."

அப்பா சிரிக்கப் பார்த்தார். "சும்மா சொல்லாத. நீயாவது டப்பாவை மாத்தறதாவது."

"மாத்திட்டேன். மாத்தி வெச்சப்ப உன்னை நான் நினைக்கக்கூட இல்ல."

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. அறுபத்திரண்டு வயது மனுஷர், பள்ளிக்கூட வாசலில் யாரும் கூட்டிப்போக வராத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கு அத்தைமேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. இவளுடைய உண்மையை யார் கேட்டார்கள்?

அத்தை ரிமோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே பேசினாள்.

"மத்தியானம் ஓட்டிப் பார்க்கணும், அதான் வேலை. தனியா உக்காந்து ஓட்டினேன். அவ அந்தப் பையனுக்கு முகம் துடைச்சா. ஈரக் கையால, அப்படியே மூக்கைப் பிடிச்சு, அழுத்தி. நம்ம அம்மா மாதிரியே. அவ்வளவுதான். நிறுத்த முடியல. ரெண்டு ரீலையும் பார்த்தேன், மறுபடி முதல் ரீலைப் போட்டு அந்த இடத்தைப் பார்த்தேன், மறுபடி பார்த்தேன். ஃபிலிம்மேல எல்லாம் தண்ணி. துடைக்கிறேன், மறுபடி விழுது. இன்ஜினியர் வந்து கதவைத் தட்டினாரு, டப்பாவை அடுக்கிட்டியான்னு. கண்ணே தெரியலடா எனக்கு. எதை எதுல வெச்சேன்னே தெரியல. மூடி வெச்சுட்டேன். சாயங்காலம் டப்பா நம்பரைப் பார்த்து அப்படியே மாட்டிட்டேன்."

திரையில் அந்தப் பெண் வாசலில் சிரித்தபடி அப்படியே நின்றாள்.

"நீ அழுதியா?" என்றார் அப்பா.

"பின்ன? உனக்கு மட்டுமா அம்மா?"

"நான் பார்த்ததே இல்லையேக்கா. ஆஸ்பத்திரியில அழல, வீட்டுல அழல. இவ அம்மா போனப்பவும் அழல. உனக்கு அழுகையே வராதுன்னு நினைச்சுட்டிருந்தேன்."

"வீட்டுல நீ இருந்தியே" என்றாள் அத்தை.

அவ்வளவு சொன்னதும் அவளுக்கு வாய் கோணியது. கையால் மூடிக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. எழுபத்து மூன்று வயதில் என் அத்தை, எங்கள் முன்னால், மூக்கு ஒழுக ஒழுக அழுதாள். அழகாக அழத் தெரியவில்லை அவளுக்கு, பழக்கம் இல்லை. நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன். அப்பா தன் நாற்காலியை அவள் முழங்கால் இடிக்கும்வரை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அவரும் அழுதுகொண்டிருந்தார். நான் மட்டும் இளைத்தவளா என்ன, என் அம்மாவை நினைத்து நானும் அழுதேன். சற்று முன் அத்தைமேல் வந்த ஆத்திரம் போன இடம் தெரியவில்லை.

எல்லோரும் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தோம். தேநீர் போட்டேன். அப்பா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கேட்கலாமா கூடாதா என்பது போல மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, அம்மாவோட குரல் எப்படி இருக்கும்? முகம் ஞாபகம் இருக்கு, போட்டோ இருக்கு. குரல் போயிடுச்சு எனக்கு. எந்த வருஷம் போச்சுன்னே தெரியல. உங்கிட்ட கேட்டா நீ கஷ்டப்படுவியோ, இல்ல அதைப் பத்திப் பேசாதன்னு அதட்டுவியோன்னு கேக்கவே இல்ல."

அத்தை கொஞ்சம் யோசித்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "என்னோடதை விடக் கனம். கடைசியில இழுக்கும்" என்றாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, எனக்குப் பழக்கமே இல்லாத ஒரு குரலில், அடிவயிற்றிலிருந்து வரும் ஒரு சோம்பலான, செல்லமான குரலில் கூப்பிட்டாள்.

"ஏய் தூங்குமூஞ்சீ... எழுந்திருடா. பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு. பால் ஆறிப்போகுது பாரு."

அப்பாவின் தோள் அப்படியே தளர்ந்தது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்மா" என்றார்.

அத்தை அவரை எழுப்பவில்லை.